பனியாறு ஆகாத பனி

ஆர்க்டிக் நிலத்தைச் செதுக்கியது எது என்று கேட்டால், பள்ளிப் பாடநூல் முதல் தொலைக்காட்சி ஆவணப்படம் வரை எல்லாமே பனியாறுகளைத்தான் கைகாட்டுகின்றன. பள்ளத்தாக்குகளை அகலப்படுத்தியதும், ஃபியோர்டு எனப்படும் குறுகிய, ஆழ்ந்த கடற்கழிகளைத் தோண்டியதும், பெரும்பாறைகளைச் சுமந்து சென்று வேறெங்கோ இறக்கிவிட்டதும் பனியாறுகளே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதில் ஆர்க்டிக் முழுவதற்கும் பொருந்தாது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த, இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில், ஸ்காண்டிநேவியாவும் கனடாவின் பெரும்பகுதியும் தடித்த பனித்தகட்டின் அடியில் கிடந்தன. அதே காலத்தில் லேனா ஆற்றையொட்டியும் அதற்குக் கிழக்கேயும் விரிந்த சைபீரியத் தாழ்நிலங்களும் அலாஸ்காவின் உட்பகுதியும் பெரும்பாலும் பனித்தகடு மூடாத வெற்று நிலமாகவே இருந்தன. அங்கே குளிருக்குக் குறைவில்லை, ஈரம்தான் போதவில்லை. கடல் பின்வாங்கி, ஈரக்காற்று வந்து சேராத அந்தப் பரப்பில், பனியாறு பிறப்பதற்கு வேண்டிய அளவு பனி விழவே இல்லை.

அப்படியிருந்தும் அந்த நிலத்துக்கு உருவம் இல்லாமல் போகவில்லை. மலைச்சரிவுகளில் பாதிக் கிண்ணத்தைப் போன்ற குடைவுகள் இருக்கின்றன; குன்றுகளின் தோள்களில் படிப்படியாக வெட்டிவிட்ட மேடைகள் இருக்கின்றன; மலையடிவாரத்தில் பல பத்து மீட்டர் தடிமனுக்கு, பனிக்கட்டியும் நுண்மண்ணும் பின்னிக் கிடக்கும் உறைநிலப் படிவுகள் இருக்கின்றன. இவற்றில் கணிசமான பங்கை, பார்ப்பதற்கு எந்தக் கம்பீரமும் இல்லாத ஒரு பொருளின் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். கோடை வந்தும் உருகித் தீராமல் சரிவின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பனித்திட்டுதான் அது.

லேனா ஆற்றின் கழிமுகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் செயற்கைக்கோள் படங்களில் பார்த்துக்கொண்டிருப்பது என் பொழுதுபோக்குகளில் ஒன்று. சென்டினல் 2 செயற்கைக்கோளின் படங்கள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து மீட்டர் அகலமுள்ள பொருள் ஒரு புள்ளியாகத் தெரியும். ஜூலைக் கடைசியில் எடுத்த படத்தில் டிக்சி நகருக்கு அருகிலுள்ள கராவுலாக் மலைத்தொடரைப் பெரிதாக்கிப் பார்த்தால், பழுப்பும் சாம்பலுமான சரிவுகளில் வெள்ளைக் கீற்றுகள் தென்படும். சில ஓடையின் வளைவை ஒட்டி நீண்டிருக்கும். சில மலைமுகட்டுக்குச் சற்றுக் கீழே பிறைவடிவில் இருக்கும். அடுத்த ஆண்டின் படத்தைத் திறந்தாலும் கீற்றுகளில் பல அதே இடத்தில், ஏறக்குறைய அதே வடிவத்தில் இருக்கும். பனி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விழுகிறது. ஆனால் அது தங்கும் இடம் மட்டும் மாறுவதில்லை.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது காற்று. ஆர்க்டிக்கில் பனிப்பொழிவு நாம் கற்பனை செய்வதைவிட மிகக் குறைவு. கனடாவின் ரெசொல்யூட் போன்ற இடங்களில் ஆண்டு முழுவதும் விழும் மழையையும் பனியையும் நீராக்கிக் கூட்டினாலும் 150 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் வரும். விழுந்த கொஞ்சமும் விழுந்த இடத்தில் கிடப்பதில்லை. மரமோ புதரோ தடுக்காத வெட்டவெளியில் குளிர்காலக் காற்று அதைத் தரையோடு தரையாக வாரிக்கொண்டு போய், முகடு தாண்டிய மறைவிலும் ஓடைக்கரையின் அடியிலும் கொட்டுகிறது. இதனால் முகட்டில் கூழாங்கல் தெரிய வெறுந்தரை இருக்க, இருநூறு மீட்டர் தள்ளிய பள்ளத்தில் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குப் பனி கிடக்கும். வடகிழக்குக் கிரீன்லாந்தின் ஸாக்கென்பர்க் பள்ளத்தாக்கில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுவதால், தெற்கு நோக்கிய சரிவுகளில்தான் பெரிய திட்டுகள் சேர்கின்றன. வெயில் நன்றாகப் படும் பக்கம் அது. அங்கே பனி அதிக நாள் தாங்குவதற்குக் காரணம் நிழல் அன்று. குவிந்த அளவே காரணம்.

குவிந்த பனி தன் எடையால் இறுகுகிறது. உருகிய நீர் உள்ளே ஊறி மீண்டும் உறைவதால், பல கோடைகளைத் தாண்டிய திட்டின் அடியில் பனிக்கட்டியே உருவாகிவிடும். ஆனாலும் அது பனியாறு ஆவதில்லை. பனியாறு என்பது தன் எடையின் அழுத்தத்தால் உள்ளுக்குள் உருக்குலைந்து சரிவில் ஓடுவது. திட்டுக்கு அந்தத் தடிமன் கிடையாது. வயோமிங் மாநிலத்தின் பிக்ஹார்ன் மலைகளை ஆராய்ந்த பிரான்சுவா மத்தெஸ், 12 சதவீதச் சரிவில் பனி நகரத் தொடங்குவதற்குக் குறைந்தது 125 அடி, அதாவது சுமார் 38 மீட்டர் தடிமன் வேண்டும் என்று கணக்கிட்டார். அதற்குக் குறைந்த பனி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்தபடியே நிலத்தை அரிக்கவும் செய்கிறது என்பதுதான் 1900-இல் அவர் எழுதிய அறிக்கையின் புதுமை. அந்தச் செயலுக்கு அவர் வைத்த நிவேஷன் என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மத்தெஸை யோசெமிட்டி பள்ளத்தாக்கின் வரைபடத்துக்காகத்தான் பலருக்கும் தெரியும். எனக்கு அவர் இந்தக் கணக்குக்காகவே முக்கியமானவர்.

நகராத பனி எப்படி அரிக்கும்? மத்தெஸ் தந்த விடை உறைதலும் இளகலும். திட்டின் விளிம்பில் பகலில் உருகும் நீர் பாறையின் விரிசலுக்குள் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, பாறையைப் பிளக்கிறது. பொடிந்ததை உருகுநீர் அடித்துச் செல்கிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால் இந்த விளக்கம் பல பத்தாண்டுகள் அளந்து பார்க்கப்படாமலேயே பாடநூல்களில் குடியிருந்தது. கொலராடோ மாநிலத்தின் நைவாட் முகட்டில் காலின் தோர்ன் 1970-களில் கருவிகளை வைத்து அளந்தபோதுதான் கணக்கு வேறு விதமாக வந்தது. திட்டின் அடியிலோ விளிம்பிலோ உறைதல் இளகல் சுற்றுகள் கூடுதலாக நடக்கவில்லை. கனத்த பனி நிலத்தை வெப்பநிலை ஏற்ற இறக்கங்களிலிருந்து காக்கிறது. சுற்றுகள் குறைய வேண்டியதுதானே! ஆனால் வேறு இரண்டு கூடியிருந்தன. திட்டின் பரப்பில் மண்ணும் கல்லும் இடம்பெயரும் அளவு பக்கத்து நிலத்தைவிடப் பத்து மடங்கை ஒட்டி இருந்தது. பாறை வேதிமாற்றத்தால் சிதையும் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு இருந்தது. இரண்டுக்கும் காரணம் நீர். பின்னாளில் தோர்ன், நிவேஷன் என்ற சொல் பல செயல்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது, அதைக் கைவிடுவதே நல்லது என்ற அளவுக்குப் போய்விட்டார். மூட்டை தளர்வானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரிவில் ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் சேர்ந்து நடக்கும் செயல்களுக்குப் பொதுப்பெயர் ஒன்று இருப்பதில் எனக்கு எந்த இடைஞ்சலும் தெரியவில்லை.

கொலராடோவிலிருந்து ஆர்க்டிக்குக்கு வரும்போது கூடுதலாக ஒரு பாத்திரம் மேடையேறுகிறது. அது பெர்மாஃப்ராஸ்ட் என்னும் நிரந்தர உறைநிலம். ஆண்டு முழுவதும் பூச்சியத்துக்குக் கீழேயே இருக்கும் இந்த நிலத்தில் மேலடுக்கு மட்டும், சில இடங்களில் முழங்கால் ஆழம், சில இடங்களில் ஒரு மீட்டர், கோடையில் இளகி மீண்டும் உறைகிறது. பனித்திட்டு இந்த மேலடுக்கோடு இருமுகமாக நடந்துகொள்கிறது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். உறைந்த ஈரமண்ணோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைக் கடத்துவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே குளிர்காலத்தில், காற்று மைனஸ் 35 பாகைக்கு இறங்கினாலும், ஆழ்ந்த திட்டின் அடியிலுள்ள நிலம் அந்த அளவு குளிர்வதில்லை. கோடையில் நிலைமை தலைகீழ். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கும் வெப்பத்தைக் கொண்டு அதே அளவு நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். ஆகவே பனி இருக்கும்வரை வெயில் கொண்டுவரும் ஆற்றல் முழுவதும் உருக்கவே செலவாகி, அடியிலுள்ள நிலம் பூச்சியத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. ஜூனில் மறையும் பனி நிலத்தைச் சூடாக்கும். ஆகஸ்ட் வரை நிற்கும் பனி நிலத்தைக் குளிரவைக்கும். பனி கூடினால் உறைநிலம் வலுக்குமா, தளருமா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லாமல் போவது இதனால்தான். பனியின் ஆழத்தை மட்டும் கேட்டால் போதாது. அது எந்தத் தேதியில் தீர்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உறைநிலத்தின் இன்னொரு விளைவு நீரின் போக்கில் தெரிகிறது. வேறு நாட்டில் உருகுநீர் மண்ணுக்குள் இறங்கி மறைந்துவிடும். இங்கே சில பத்து சென்டிமீட்டர் ஆழத்திலேயே உறைந்த தளம் குறுக்கே நிற்பதால், நீர் அந்தத் தளத்தின் மேலேயே சரிவோடு வழிகிறது. ஜூன் மாதத்தில் சமவெளிப் பனி இரண்டு வாரத்துக்குள் உருகி ஓடித் தீர்ந்த பிறகு, ஜூலையிலும் ஆகஸ்டிலும் நீர் கொடுப்பது திட்டுகள் மட்டுமே. பரந்த நிலப்பரப்பில் விழுந்ததைக் காற்று ஓரிடத்தில் சேர்க்க, அந்த இடம் தான் சேர்த்ததை ஒடுங்கிய ஒரு வழியாக, மற்றவை வறண்டிருக்கும் காலத்தில், சிறுகச் சிறுக விடுகிறது. நம் ஏரியும் மடையும் செய்யும் வேலைதான். வெட்டியவர்கள் இல்லை, அவ்வளவே. கனடாவின் உயர் ஆர்க்டிக் தீவுகளில் பாலைநிலத்தின் நடுவே பச்சைத் திட்டாகத் தெரியும் சின்னஞ்சிறு ஈரநிலங்கள் பலவற்றுக்குக் கோடைக்கால நீர் மேலேயுள்ள பனித்திட்டிலிருந்தே வருகிறது.

ஸாக்கென்பர்க்கில் இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த புவிவடிவ ஆய்வாளர் ஹன்னெ கிறிஸ்டியன்சென் 1990-களில் அங்கே தானியங்கிப் படக்கருவிகளைக் கொண்டு திட்டுகள் வளர்வதையும் சுருங்குவதையும் பதிவுசெய்தார். அவர் விவரிக்கும் குடைவுக்கு மூன்று உறுப்புகள். மேலே செங்குத்தான பின்சுவர். அது ஆண்டுதோறும் கொஞ்சம் இடிந்து பின்வாங்குகிறது. நடுவே திட்டு உட்காரும் அடித்தளம். கீழே, உருகுநீர் கொண்டுவந்த மணலும் வண்டலும் விசிறிபோலப் படிந்த பரப்பு. குடைவு பெரிதானால் அடுத்த குளிர்காலத்தில் அதிகப் பனி தங்கும். அதிகப் பனி தங்கினால் அதிக நீர் ஓடும். அதிக நீர் ஓடினால் குடைவு இன்னும் பெரிதாகும். காற்றின் திசை மாறாத வரையில் இந்தச் சுழற்சி நிற்பதற்குக் காரணமே இல்லை. கீழேயுள்ள விசிறிப் படிவில் அடுக்கடுக்காகக் கிடக்கும் மண்ணையும் தாவரத் துணுக்குகளையும் காலம் கணித்தபோது, சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய சிறு பனியுகம் எனப்படும் குளிர்ந்த காலத்தில் இந்த வேலை சுறுசுறுப்பாக நடந்தது தெரியவந்தது. பனியாறு முன்னேறிய தடத்தை வைத்துப் பழங்காலக் குளிரைப் படிப்பதுபோல, பனியாறே இல்லாத சரிவில் திட்டின் கழிவைக்கொண்டு பழங்காலப் பனியையும் காற்றையும் படிக்க முடிகிறது.

ஆகஸ்டில் ஒரு திட்டின் மேற்பரப்பு வெள்ளையாக இருப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் காற்று பனியை மட்டும் கொண்டுவருவதில்லை. வெறுந்தரையாகிவிட்ட முகடுகளிலிருந்து நுண்மண்ணையும் காய்ந்த இலைத் துணுக்குகளையும் பாசிச் சிதிலங்களையும் பூச்சிகளின் ஓடுகளையும் சேர்த்தே வாரிவருகிறது. பனி உருக உருக, அதற்குள் பரவிக்கிடந்த அழுக்கு கீழே போகாமல் மேற்பரப்பிலேயே தங்கி, கடைசியில் கறுத்த தோலாகத் திட்டை மூடுகிறது. நடுநடுவே, பனியில் வாழும் நுண்பாசிகளின் செந்நிறம் கறையாகப் படர்ந்திருக்கும். விளிம்பில், நேற்றுவரை பனியின் அடியில் இருந்த இடத்தில், மண் குழைந்து கிடக்கும். அதன்மேல் அந்தக் கறுத்த தோலின் எச்சம் மெல்லிய சேற்றுப்பூச்சாகப் படிந்திருக்கும். இன்னும் சற்றுத் தள்ளி, நுண்மண் கழுவிப் போய்க் கற்கள் மட்டும் தட்டையாகப் பதிந்த தளம். அதற்கு அப்பால் பாசி, பிறகு தரையோடு படர்ந்து விரல் உயரத்துக்குமேல் எழாத வில்லோ செடி. பனி எந்த வாரத்தில் விலகுகிறதோ அதற்கேற்பச் செடியினம் மாறுவதால், திட்டைச் சுற்றிய தாவர வளையங்களைப் பார்த்தே, பனி எங்கே எப்போது தீரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தச் சேற்றுப்பூச்சை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் அது சில மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு, ஒரு மலைத்தொடர் முழுவதிலும், ஒவ்வொரு மடிப்பிலும் அது நடந்தால் அடிவாரத்தில் என்ன சேரும் என்ற கேள்விதான் நம்மைப் பைகோவ்ஸ்கி தீபகற்பத்துக்குக் கொண்டுசெல்கிறது.

லேனா கழிமுகத்துக்குத் தென்கிழக்கே கடலுக்குள் நீளும் பைகோவ்ஸ்கி ஒரு பழைய சமவெளியின் மிச்சம். அதன் கிழக்குக் கரையில் மாமொந்தோவி கயாத்தா என்ற செங்குத்துக் கரைச்சுவர் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 40 மீட்டர் உயர்கிறது. இந்தத் தீபகற்பத்தில்தான் 1799-இல் எவென்கி வேட்டைக்காரர் ஓசிப் ஷுமாகோவ் பனிக்கட்டியிலிருந்து எட்டிப்பார்த்த ஒரு மாமூத்தைக் கண்டார்; ஐந்தாண்டுகளில் அது முழுவதும் வெளிப்பட்டுக் கடற்கரையில் சரிந்தது; தந்தங்களை அவர் விற்றுவிட, 1806-இல் தாவரவியலாளர் மிகாயில் ஆடம்ஸ் வந்து சேர்ந்தபோது சதையில் பெரும்பகுதியை ஓநாய்களும் மற்ற விலங்குகளும் தின்றிருந்தன. எலும்புக்கூடு இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாமூத்தைப் பற்றிப் பேசியவர்களில் அதை மூடிவைத்திருந்த மண்ணைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

அந்த மண்ணுக்கு யெடோமா என்று பெயர். கரைச்சுவரின் முன்னால் நின்று எடுத்த படங்களில் சாம்பல்நிறப் பனிக்கட்டித் தூண்கள் அணிவகுத்திருப்பதைக் காணலாம். தூண்களுக்கு இடையே பழுப்பு வண்டல் நெருக்குண்டு நிற்கும். தூண்கள் என்று படத்தில் தெரிபவை உண்மையில் ஆப்புகளின் வெட்டுமுகம். கடுங்குளிரில் நிலம் சுருங்கிப் பலகோண வலையாக வெடிக்கிறது. வசந்தத்தில் உருகிய பனிநீர் அந்த வெடிப்பில் இறங்கிச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி இழையாக உறைகிறது. அடுத்த ஆண்டு அதே இடம் மீண்டும் வெடிக்கிறது. மேலே மண் படியப் படிய ஆப்பும் மேல்நோக்கி வளர்ந்து, பல மீட்டர் அகலமும் பல பத்து மீட்டர் உயரமும் பெறுகிறது. ஆப்புகளையும் மண்ணுக்குள் இழையோடும் சிறு பனிக்கட்டிகளையும் கூட்டினால் யெடோமாவின் கன அளவில் சுமார் 80 சதவீதம் பனிக்கட்டிதான். பைகோவ்ஸ்கியில் இந்தப் படிவு ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பனியுகத்தின் முடிவுவரை, 12,000 ஆண்டுகளுக்கு முன்வரை, சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

மிச்சமுள்ள 20 சதவீத மண் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. ஆற்றுவெள்ளம் கொண்டுவந்து படியவைத்தது என்றார் ருஷ்ய ஆய்வாளர் போபோவ். காற்று சுமந்துவந்த தூசு, சீனத்து லோயஸ் மண்ணின் உறைந்த உடன்பிறப்பு என்றார் இன்னொரு ருஷ்ய ஆய்வாளரான தோமிர்தியாரோ. கோலிமா ஆற்றங்கரையின் துவான்னி யார் படிவை ஆராய்ந்த ஜூலியன் மர்ட்டன் குழு 2015-இல் காற்றின் கட்சிக்கே வலுச்சேர்த்தது. யாகுத்ஸ்க் நகரின் மெல்னிகோவ் உறைநில ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் குனித்ஸ்கி மூன்றாவது வழியைச் சொன்னார். மலைகளிலும் அடிவாரத்திலும் இருந்த நீண்டகாலப் பனித்திட்டுகளே அந்த மண்ணின் பட்டறை; அங்கே பொடிந்ததையும் அங்கே சேர்ந்ததையும் உருகுநீர் மெல்லிய தகடாகப் பரவி அடிவாரச் சமவெளியில் விட்டது; விட்டதை உறைநிலம் உடனுக்குடன் பூட்டிக்கொண்டது. 1998 முதல் லேனா கழிமுகப் பகுதிக்குச் சென்றுவந்த ருஷ்ய, ஜெர்மானியக் கூட்டுப் பயணங்களில் லுட்ஸ் ஷிர்மைஸ்டர் உள்ளிட்டோர் இந்த விளக்கத்தைப் பைகோவ்ஸ்கிக்கும் அதன் அண்டைப் பகுதிகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள்.

பைகோவ்ஸ்கியைப் பொறுத்தவரை குனித்ஸ்கியின் கட்சி வலுவாகவே தெரிகிறது. அங்குள்ள மண்ணின் கனத்த தாதுக்கள் லேனா ஆறு சுமந்துவரும் மணலை ஒத்திருக்காமல், பக்கத்துக் கராவுலாக் மலைத்தொடரின் பாறையை நோக்கிக் கைகாட்டுகின்றன. துகள் அளவுகளும் ஒரே உச்சத்தில் குவியாமல், நுண்வண்டலும் மணலும் கலந்து பல உச்சங்களைக் காட்டுகின்றன. காற்று மட்டும் சலித்துக் கொட்டியிருந்தால் இன்னும் சீராக இருந்திருக்கும். ஓர் ஆறு ஓடிய அடையாளமான கூழாங்கல் அடுக்குகளும் குறுக்குப் படிவுகளும் இல்லை. மலையில் தொடங்கி, தூரம் போகாமல், மெதுவாக, நீரின் மெல்லிய தகட்டில் வந்த மண் இது என்று படித்தால் மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் மலையே அருகில் இல்லாத கோலிமாத் தாழ்நிலத்துக்கு இந்த விளக்கத்தை அப்படியே நீட்ட முடியாது. யெடோமா ஒரே முறையில் உருவானது அன்று, இடத்துக்கு இடம் வெவ்வேறு வழிகளில் உருவானது என்று இன்று பலர் ஏற்பது சமரசத்துக்காகச் சொல்லப்பட்ட பேச்சு அன்று என்றே நினைக்கிறேன்.

அதைவிட ஒரு படி மேலேயும் போகலாம். காற்றா, பனியா என்ற எதிர்நிலையே எனக்குச் செயற்கையாகப் படுகிறது. திட்டின்மீது படியும் கறுத்த தோலில் பாதி காற்று கொண்டுவந்ததுதான். பனியுகத்தின் வறண்ட, புழுதி நிறைந்த காற்றில் திட்டு ஒரு வலையாக இருந்தது. ஈரமான மேற்பரப்பில் விழுந்த தூசு மீண்டும் பறக்காது. அந்தத் தூசையும் பின்சுவரிலிருந்து உதிர்ந்த கல்பொடியையும் ஒன்றாகக் கலந்து நீரில் அனுப்பியது திட்டு. ஆய்வகத்தில் ஒரு துகளை எடுத்து இது காற்றின் மண், இது சரிவின் மண் என்று பிரிக்க முயல்வோர் திணறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்ணின் கதை இப்படி என்றால், ஆப்பின் கதையில் அதே காற்று வேறொரு வேலை செய்கிறது. நிலம் வெடிப்பதற்குக் கடுங்குளிர் அதற்குள் இறங்க வேண்டும். ஆழ்ந்த பனி அதைத் தடுக்கும். கனடாவின் கேரி தீவில் ராஸ் மெக்கே பல குளிர்காலங்கள் தொடர்ந்து ஆப்புகளைக் கண்காணித்து, பனி ஆழமாகக் கிடந்த இடங்களில் வெடிப்பு அரிதாவதைக் காட்டினார். ஆக, திட்டின் அடியில் ஆப்பு நன்றாக வளராது. காற்று பனியைக் கூட்டிக் கொடுத்த மடிப்பில் மண் உற்பத்தியாகிறது. காற்று பனியைத் துடைத்தெடுத்த சமவெளியில் நிலம் வெடித்து ஆப்பு வளர்கிறது. மடிப்பிலிருந்து வந்த மண் அந்தச் சமவெளியை உயர்த்த, ஆப்பும் கூடவே உயர்கிறது. பனி குவிவதும் பனி இல்லாமல் போவதும் ஒரே காற்றின் இரண்டு பக்கங்களாக இருந்து, 40 மீட்டர் படிவைச் சேர்ந்து கட்டியிருக்கின்றன. ஆப்பை நிரப்பியதும் பனிநீர்தான் என்பதால், அதிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் அந்தக் காலத்துக் குளிர்காலம் எவ்வளவு குளிர்ந்தது என்பதையும் பதிந்துவைத்திருக்கிறது. உலகின் பெரும்பாலான பழங்காலப் பதிவுகள் கோடையைப் பற்றியே பேசும்போது, குளிர்காலத்தைப் பற்றிப் பேசும் சாட்சி என்ற வகையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

சில நேரங்களில் திட்டே மண்ணுக்குள் போய்விடுவதும் உண்டு. மேலேயுள்ள கரை சரிந்து ஒரு திட்டைக் கோடையில் மூடினால், மூடிய மண் போதிய தடிமனாக இருந்தால், அடுத்த கோடையின் வெப்பம் அதை எட்டாது. பனி இறுகிக் கட்டியாகி உறைநிலத்தின் ஓர் அடுக்காகவே தங்கிவிடும். காற்றுக்குமிழ்கள் மண்டிய அதன் வெண்மையைக்கொண்டும், படிகங்களின் அமைப்பைக்கொண்டும் இதை ஆப்புப் பனிக்கட்டியிலிருந்து பிரித்தறிகிறார்கள்.

அலாஸ்காவின் மலைத்தோள்களில் காணப்படும் படிமேடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பனியாறு தொடாத குன்றுகளில் பாறையையே வெட்டியதுபோல இருக்கும் இந்த மேடைகள் எப்படி உருவாயின என்பது நூறாண்டுப் பழைய வழக்கு. ஃபிரெட்ரிக் நெல்சனும் கெல்சி நைலண்டும் அவற்றின் உயரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரிங் கடற்கரையிலிருந்து உட்பகுதிக்குப் போகப் போக மேடைகளின் உயரமும் ஏறுவது தெரிந்தது; பனியாறு குடைந்த கிண்ணப் பள்ளங்களின் உயரமும் அதே போக்கில்தான் ஏறுகிறது. கடலிலிருந்து விலகினால் ஈரம் குறைந்து பனி தங்கும் உயரம் மேலேறும். இரண்டுக்கும் ஒரே விதி என்றால், பனி நகரும் அளவுக்குச் சேர்ந்த இடத்தில் கிண்ணமும், சேராத இடத்தில் மேடையும் உருவாயின என்று கொள்வதே எளிது.

இவ்வளவும் பழங்கதை அல்ல. யெடோமாப் பகுதியின் உறைநிலத்தில் சுமார் 330 முதல் 470 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) கரிமம் அடைபட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மாமூத் மேய்ந்த புல்லின் வேர்களும் அதில் அடக்கம். பைகோவ்ஸ்கியின் கரை 1951 முதல் 2006 வரை சராசரியாக ஆண்டுக்கு அரை மீட்டருக்குச் சற்றுமேல் கடலிடம் இழந்திருக்கிறது. உள்நிலத்தில் ஆப்புகள் உருகிய தடங்களில் ஓடைகள் வெட்டி இறங்குகின்றன. வெட்டிய ஓடைக்குள் குளிர்காலக் காற்று பனியைக் கொட்டுகிறது. அடுத்த கோடையில் ஜூலைவரை அங்கே திட்டு நிற்கிறது. அதன் அடியில் ஓடும் நீர் ஓடையை மேலும் ஆழமாக்குகிறது. ஒரு காலத்தில் மலைமடிப்பிலிருந்து மண்ணை அனுப்பி இந்தச் சமவெளியைக் கட்டிய அதே செயல், இப்போது சமவெளிக்குள்ளேயே இடம்பிடித்து அதைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. கரைச்சுவரின் அடியில் குவியும் பனி மட்டும் வேறு வகை. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அது வெயிலையும் அலையையும் கொஞ்சம் தடுத்து நிறுத்துகிறது.

உறைநிலம் எவ்வளவு வேகமாக இளகும் என்று கணிக்கும் உலகளாவிய கணினி மாதிரிகள் நிலத்தைப் பல பத்து கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சராசரிப் பனி ஆழத்தைக் கொடுப்பதே பொதுவான வழக்கம். லேனா கழிமுகத்தின் சமவெளியில் அந்தச் சராசரி ஓரளவு பொருந்தும். ஓடைக்குள் மூன்று மீட்டர் பனி, பத்தடி தள்ளி மேட்டில் வெறுந்தரை என்ற நிலத்தில் அது பொருந்தாது. அங்கே சராசரி ஆழத்துக்குப் பனி கிடக்கும் இடம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். கட்டத்துக்குள்ளேயே பனியைச் சீரில்லாமல் பங்கிட்டுப் பார்க்கும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. பங்கீடு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய படங்கள், முன்னே சொன்ன அந்தச் செயற்கைக்கோளிலிருந்து, மேகம் விலகும் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.